தீப்பிடித்த காசினோவும் ஒரு ஹோட்டல் காரிடாரும்

டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் தீயில்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்தத் தீயைப் பற்றியே அதில் ஒரு பாட்டு இருக்கிறது. புதிதாக கிடாரைக் கையில் எடுக்கும் பையன்களும் பெண்களும் ஊர் தேசம் பாராமல் அந்தப் பாட்டின் ஆரம்ப இசையைத்தான் முதலில் தடவிப் பழகுகிறார்கள். அதனால் காசினோ எரிந்தது, பாட்டு பிறந்தது, ஆல்பம் விற்றது என்று மூன்று வரியில் கதை முடிந்துவிடுகிறது. நடுவில் ஒரு காரிடார் இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. குளிர்காலத்துக்காக மூடிப் பூட்டியிருந்த ஒரு பெரிய ஹோட்டலின் காரிடார் அது. என்னைக் கேட்டால், அந்த ஆல்பம் அப்படி ஒலிப்பதற்குத் தீயைவிட அந்தக் காரிடாருக்கும் அதன் அசௌகரியங்களுக்கும்தான் அதிகப் பங்கு உண்டு.

1971 டீப் பர்ப்பிளுக்கு நல்லதும் கெட்டதுமாகக் கழிந்த வருஷம். அந்த வருஷம் வந்த 'ஃபயர்பால்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் அதைப் போட்டவர்களுக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. ஓயாத கச்சேரிப் பயணங்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் துண்டு துண்டாகப் பதிவுசெய்து ஒட்டிய ஆல்பம் அது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கப் பயணம் கிளம்பிய கையோடு பாடகர் இயன் கில்லனுக்கு மஞ்சள் காமாலை வந்து, பயணமே ரத்தானது. எதிர்பாராமல் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

குழுவில் ஐந்து பேர். கில்லன் பாட்டு, ரிச்சி பிளாக்மோர் கிடார், ஜான் லார்ட் ஆர்கன், ரோஜர் குளோவர் பேஸ் கிடார், இயன் பெய்ஸ் டிரம்ஸ். இதில் லார்ட் தனி ரகம். செவ்வியல் பியானோ கற்றவர். 1969-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவை உடன் வைத்துக்கொண்டு தன் கான்செர்ட்டோவை அரங்கேற்றியவர். அதே மனிதர் தன் ஹாமண்ட் ஆர்கனை கிடாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் சொருகி, மாதா கோவிலில் கேட்கிற கருவியா இது என்று சந்தேகம் வரும்படி உறும வைத்தார். பிளாக்மோரின் கிடாரும் அந்த ஆர்கனும் மேடையில் ஒன்றை ஒன்று விரட்டும். அந்த மேடைச் சத்தம் மட்டும் ஸ்டூடியோவுக்குள் போனால் காணாமல் போய்விடுகிறது என்பதுதான் இவர்களுடைய நீண்ட நாள் குறை.

அதற்கு ஒரு வழி தோன்றியது. ஸ்டூடியோவை விட்டுவிட்டு, நிஜமான ஒரு கச்சேரி அரங்கில், கூட்டம் இல்லாமல், மேடையில் வாசிப்பது போலவே வாசித்துப் பதிவுசெய்வது. கருவிக்கும் பிரச்சினை இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு லாரிக்குள் முழு ஒலிப்பதிவுக் கூடத்தையே அடக்கி வைத்து வாடகைக்கும் விட்டுக்கொண்டிருந்தது. கேபிள்களை இழுத்து உள்ளே மைக் வைத்துவிட்டால், வெளியே நிற்கும் லாரியில் டேப் ஓடும். லெட் செப்பலின் தங்கள் நான்காவது ஆல்பத்துக்கு ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பங்களாவில் அந்த லாரியைத்தான் நிறுத்தினார்கள். அதே 1971 கோடையில் ஸ்டோன்ஸ் குழுவே பிரான்சின் தென்கரையில் ஒரு மாளிகையின் நிலவறையில் வாசிக்க, வாசலில் நின்று பதிவுசெய்ததும் அதுதான். இன்று அது கனடாவின் கால்கரி நகரத்தில், நேஷனல் மியூசிக் சென்டரில் இருக்கிறது.

அரங்கம் கிடைத்தது சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்த்ரோ ஊரில். அங்கே 1967-ல் ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் குளோட் நோப்ஸ். ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பாட்டுக்காரர்கள் என்றால் எதையும் ஏற்பாடு செய்து கொடுப்பார். ஊர்க் காசினோவின் அரங்கம் குளிர்காலத்துக்கு மூடப்படும், மூடியதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு. டிசம்பர் 3-ஆம் தேதி குழு வந்து இறங்கியது. மூடுவதற்கு முன் அரங்கில் ஒரே ஒரு கச்சேரி பாக்கி: மறுநாள் சனிக்கிழமை, ஃபிராங்க் ஸப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும்.

டீப் பர்ப்பிள்காரர்களும் அந்தக் கச்சேரிக்குப் போயிருந்தார்கள். நிகழ்ச்சி பாதிக்கு மேல் போயிருக்கும். கூட்டத்தில் யாரோ ஒருவன் தீப்பொறித் துப்பாக்கியை மேலே பார்த்துச் சுட்டான். கப்பலில் ஆபத்து என்றால் வானத்தில் வெளிச்சம் காட்டச் சுடுவார்களே, அந்தத் துப்பாக்கி. அரங்கத்தின் கூரை உள்பக்கம் பிரம்பால் வேய்ந்தது. பற்றிக்கொண்டது. ஸப்பா பதற்றப்படாமல் வாசிப்பை நிறுத்தி, எல்லோரும் அமைதியாக வெளியேறுங்கள் என்று சொன்னார். நோப்ஸ் உள்ளே ஓடி ஓடி, சிக்கிக்கொண்ட பிள்ளைகளை வெளியே இழுத்துவந்தார். ஏறத்தாழ 2000 பேர் இருந்த இடத்தில் உயிர்ச்சேதம் ஒன்றுகூட இல்லை என்பது அன்றைய பெரிய அதிர்ஷ்டம். காசினோ மட்டும் அடியோடு போனது. ஸப்பா குழுவின் கருவிகளும் போயின. பாவம், அந்த மனிதருக்குச் சனி அதோடு விடவில்லை. ஆறே நாளில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் ஒரு ரசிகன் மேடையிலிருந்து அவரைத் தள்ளிவிட, பல மாதம் சக்கர நாற்காலியில் கிடந்தார்.

மலையிலிருந்து இறங்கிய காற்று தீயை வளர்த்தது. டீப் பர்ப்பிள்காரர்கள் ஹோட்டலுக்குத் திரும்பி, ஜன்னல் வழியே தாங்கள் ஆல்பம் போட வேண்டிய கட்டிடம் எரிவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். புகை ஏரியின் மேல் படலமாகப் பரவியது. அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலை குளோவர் தூக்கத்திலிருந்து எழும்போது, தண்ணீர்மேல் புகை என்கிற அர்த்தத்தில் ஒரு சொற்றொடர் அவர் வாயில் இருந்தது. கில்லனிடம் சொன்னார். கில்லனுக்குப் பிடிக்கவில்லை. போதைப் பாட்டு மாதிரி இருக்கிறது, நாம் சாராயக் கோஷ்டி அல்லவா என்கிற ரீதியில் தட்டிக் கழித்துவிட்டார். சொற்றொடர் அப்படியே மூலையில் கிடந்தது.

லாரி வந்து நிற்கிறது, அதற்கு வாடகை ஓடுகிறது, வாசிக்க இடம் இல்லை. நோப்ஸ் ஊருக்குள்ளேயே பெவிலியன் என்ற பழைய அரங்கைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே முதல் பாட்டுக்கு இசையைப் பதிவுசெய்தார்கள். வரிகள் இல்லை, பெயரும் இல்லை. டேப் பெட்டியில் 'டைட்டில் ஒன்று' என்று மட்டும் எழுதினார்கள். அதன் ஆரம்பம் பிளாக்மோருடையது.

அந்த ஆரம்பத்தை நம் கணக்கில் சொல்லிப் பார்க்கலாம். ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், போகிற போக்கில் தொட்டு இறங்குகிற ஒரு பிரதி மத்யமம். மொத்தமே நான்கு ஸ்வரம். இரண்டு மத்யமங்களும் பக்கத்தில் பக்கத்தில் வருவது கர்னாடகக் காதுக்குக் கொஞ்சம் உறுத்தும். ப்ளூஸ் இசையில் அது சர்வ சாதாரணம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக விடாமல், அதற்கு நான்காவதாகக் கீழே உள்ள இன்னொன்றையும் சேர்த்தே மீட்டுகிறார் பிளாக்மோர்: ஷட்ஜத்தோடு மந்தர பஞ்சமம், இப்படியே மற்றவற்றுக்கும். பிக் வைத்துத் தட்டாமல் விரலால் இரண்டு தந்தியையும் ஒரே நேரத்தில் இழுக்கிறார். தட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக மயிரிழை இடைவெளியில் ஒலிக்கும். இழுத்தால் இரண்டும் ஒரே கல்லாக விழும். கடைகளில் வாசித்துப் பார்க்கிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். முதலில் கிடார் தனியாக. பிறகு டிரம்ஸின் ஜால்ரா போன்ற ஹை-ஹாட்டும் லார்டின் உறுமும் ஆர்கனும். பிறகு முழு டிரம்ஸ். கடைசியாகத்தான் பேஸ் கிடார். ஒவ்வொருவராக உள்ளே வந்து சுமை ஏற்றுகிறார்கள்.

இதை இரவில் ஊர் நடுவே முழுச் சத்தத்தில் வாசித்தால் என்ன ஆகும்? அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டார்கள். போலீஸ் கதவைத் தட்டத் தட்ட, குழுவின் சாமான் தூக்கும் ஆட்கள் உள்ளிருந்து கதவை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அவகாசத்தில் ஒரு முழு டேக் முடிந்தது. ஆல்பத்தில் நாம் இன்று கேட்பது அந்த ராத்திரியின் இசைதான். அதோடு பெவிலியன் கதை முடிந்தது. மறுபடி இடம் தேட வேண்டும்.

கடைசியில் கிடைத்தது கிராண்ட் ஹோட்டல். ஊரை ஒட்டியுள்ள ஒரு பழைய காலத்து ஆடம்பர ஹோட்டல். குளிர்காலத்தில் ஆள் வருவதில்லை என்பதால் மூடிக் கிடந்தது; வெப்பமூட்டியும் கிடையாது. அதன் பெரிய கூடம் ஒலிப்பதிவுக்கு ஒத்துவரவில்லை. உயரமான கூரையும் வெற்றுச் சுவர்களும் உள்ள கூடத்தில் டிரம்ஸை அடித்தால் ஒரு அடி முடியும் முன்பே முந்தைய அடியின் எதிரொலி திரும்பி வந்து மேலே விழும். ஆகவே கூடத்தை விட்டுவிட்டு, அதிலிருந்து பிரியும் ஒரு காரிடாரைத் தேர்ந்தெடுத்தார்கள். குறுகலான இடம், தரையில் கம்பளம். அறைகளிலிருந்து மெத்தைகளை உருவிக்கொண்டு வந்து சுவரோரமாகவும் வழிகளை அடைத்தும் நிறுத்தினார்கள். தொழிற்சாலைகளில் வைக்கிற சூடேற்றிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். காரிடாரிலும் அதன் கிளைகளிலும் மூலைகளிலும் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர், ஆர்கன் என்று இடம் கண்டுபிடித்துப் பொருத்தினார்கள்.

சத்தம் எங்கே முட்டினாலும் கம்பளமும் மெத்தையும் குடித்துவிடும். எதிரொலி மிகக் குட்டையாக, மிக அருகில் இருக்கும். 'ஹைவே ஸ்டார்' பாட்டின் ஆரம்பத்தில் பெய்ஸ் அடிக்கும் டிரம்ஸைக் கேட்டால், எங்கோ தூரத்து மேடையில் இல்லாமல் கேட்கிறவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து அடிப்பது போல் இருக்கும். காசினோ அரங்கில் பதிவுசெய்திருந்தால் இந்த நெருக்கம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர்கள் தேடி வந்ததே அரங்கத்தின் விசாலமான முழக்கத்தைத்தான். கிடைத்தது அதற்கு நேர்மாறு.

லாரி வெளியே நின்றது. அதற்குள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச். பிற்காலத்தில் பிளாக் சபாத், அயர்ன் மெய்டன் குழுக்களின் புகழ்பெற்ற ஆல்பங்களை உருவாக்கியவர். ஒரு டேக் வாசித்து முடித்துவிட்டு, எப்படி வந்திருக்கிறது என்று கேட்க வேண்டுமானால் ஐந்து பேரும் லாரிக்குப் போக வேண்டும். வழியோ மெத்தைகளாலும் கேபிள்களாலும் அடைபட்டிருந்தது. ஒரு படுக்கையறைக்குள் நுழைந்து, பால்கனிக்கு வந்து, பனியில் பால்கனி தாண்டி, இன்னொரு அறைக்குள் புகுந்து, படி இறங்கி, கூடத்தைக் கடந்து, முற்றத்துக்கு வந்தால்தான் லாரி. கேட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். முதலில் போய்ப் பார்த்தார்கள். பிறகு அலுத்துவிட்டது. போவதையே நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஸ்டூடியோவில் ஒவ்வொரு டேக் முடிந்ததும் எல்லோரும் கண்ணாடி அறைக்குள் போய்க் கேட்பார்கள். கேட்கும்போது ஒவ்வொருவர் காதும் தன் வாசிப்பின் மேல்தான் இருக்கும். கிடார்க்காரருக்கு ஒரு தந்தி பிசகியது உறுத்தும். டிரம்ஸ்காரருக்கு ஒரு அடி. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று இருபது தரம் வாசித்து, பிழை போய்விடும், கூடவே சூடும் போய்விடும். கிராண்ட் ஹோட்டலில் அந்த வசதி இல்லை. வாசித்தது நன்றாக இருந்ததா என்பதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோர் முகத்திலும் அது தெரிந்தால் சரி, அடுத்த பாட்டு. மேடையில் வாசிப்பவர்கள் தினமும் செய்வது இதுதானே? அரங்கமும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆனால் மேடையின் அந்த ஒரு குணத்தை அந்தப் பாழாய்ப்போன பால்கனி வழி கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

டிசம்பர் 6-லிருந்து 21-க்குள் வேலை முடிந்தது. பாட்டுகள் எல்லாமே அங்கே பிறந்தவை அல்ல. 'ஹைவே ஸ்டார்' அதற்கு முன்பே, போர்ட்ஸ்மவுத் ஊர்க் கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் உருவானது. பாட்டெல்லாம் எப்படி எழுதுகிறீர்கள் என்று உடன் வந்த பத்திரிகையாளர் ஒருவர் கேட்க, இப்படித்தான் என்று பிளாக்மோர் கிடாரை எடுத்து ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே போனார், கில்லன் வாய்க்கு வந்த வரிகளைப் பாடினார். அன்று ராத்திரியே மேடையேறியது. மேடையில் நினைத்தபடி வாசிக்கிற பிளாக்மோர், இந்தப் பாட்டின் தனி வாசிப்பை மட்டும் முன்கூட்டியே உட்கார்ந்து அமைத்து வைத்திருந்தார். பாக் இசையில் வருகிற ஸ்வர அடுக்கு அதில் அப்படியே தெரியும். 'லேஸி' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் ப்ளூஸ். லார்ட் ஆர்கனைத் தனியே சீண்டி விளையாடிவிட்டுத்தான் மற்றவர்களை உள்ளே விடுகிறார். 'பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்' பாட்டில் மலையும் பனியும் தனிமையும் வருவதற்கு வெளியே ஜன்னலைப் பார்த்தாலே போதுமாக இருந்திருக்கும். 'ஸ்பேஸ் டிரக்கின்' வெறும் உற்சாகம். 'நெவர் பிஃபோர்', 'மேபி ஐயாம் எ லியோ' இரண்டும் மோசமில்லை, அவ்வளவுதான். 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' என்ற மெதுவான, துயரமான பாட்டையும் அங்கேதான் பதிவுசெய்தார்கள். கில்லன் உருகிப் பாடியிருக்கிறார். அதை ஆல்பத்தில் சேர்க்காமல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை. இந்த முடிவில் பிளாக்மோர் தவறு என்பது என் கட்சி.

எல்லாம் முடிந்து நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஆல்பத்துக்குச் சில நிமிடம் குறைந்தது. அன்றைக்கு வினைல் தட்டின் இரண்டு பக்கமும் நிறைய வேண்டும். வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது பெவிலியனில் பதிவுசெய்த 'டைட்டில் ஒன்று' ஞாபகம் வந்தது. இசை இருக்கிறது, வரி இல்லை. எதைப் பற்றி எழுதுவது? நமக்கு இங்கே நடந்ததையே எழுதுவோம் என்று கில்லனும் குளோவரும் உட்கார்ந்தார்கள். குளோவரின் காலைத் தூக்கச் சொற்றொடர் மூலையிலிருந்து வெளியே வந்து பல்லவி ஆனது. ஊர் பெயர், ஏரி, ஸப்பா, துப்பாக்கி சுட்டவன், ஓடி ஓடிக் காப்பாற்றிய குளோட் நோப்ஸ், வாசலில் நின்ற ஸ்டோன்ஸ் லாரி, குளிர்ந்து கிடந்த ஹோட்டல் எல்லாம் வரிசையாக அதில் இருக்கின்றன. அலங்காரம் கிடையாது. ஊருக்கு எழுதும் கடிதம் போல, வந்தோம், எரிந்தது, இடம் மாறினோம் என்று நடந்தது நடந்தபடி. ஒரு ஆல்பம் தான் பிறந்த கதையைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெளிவந்தது இப்படித்தான். என் காரிடார் வாதத்துக்கு ஒரு இடைஞ்சலும் இங்கே உண்டு: ஆல்பத்திலேயே மிகப் பிரபலமான இந்தப் பாட்டின் இசை மட்டும் காரிடாரில் வாசித்தது அல்ல. உண்மைதான். ஆனால் போலீஸ் கதவைத் தட்டும்போது வாசித்த அந்த டேக்கையும் அவர்கள் திரும்பப் போய்த் திருத்திக்கொண்டிருக்கவில்லை.

1972 மார்ச்சில் ஆல்பம் வெளிவந்தது. கிடாரின் தலையில் தந்தியை முறுக்கும் உலோகப் பாகத்தின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தார்கள். பளபளப்பான உலோகத் தகட்டில் எழுத்தைப் பொறித்து, அதில் பிரதிபலிக்கும் ஐந்து பேரையும் படமெடுத்து அட்டை ஆக்கினார்கள். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் ஏழாவது இடம். தங்கள் கையில் எது இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமல் இருந்ததுதான் வேடிக்கை. வானொலிக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுத்து சிங்கிளாக விட்டது 'நெவர் பிஃபோர்' பாட்டை. அது பெரிதாக எடுபடவில்லை. 1972 ஆகஸ்டில் ஜப்பானில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்த கச்சேரிகள் 'மேட் இன் ஜப்பான்' என்று இரட்டைத் தட்டாக வந்து, மேடையில் அந்தத் தீப் பாட்டுக்குக் கூட்டம் எப்படி எழுகிறது என்று காட்டிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1973-ல் அமெரிக்காவில் சிங்கிளாக விட்டபோது அது நான்காவது இடம் வரை போனது. அடைப்புக்குப் போட்ட பாட்டு குழுவின் முகவரி ஆகிவிட்டது. மோன்த்ரோவில் 1975-ல் காசினோவைத் திரும்பக் கட்டித் திறந்தார்கள். ஏரிக்கரையில் அந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது.

பலித்த வழியை மறுபடி முயலாமல் இருப்பார்களா? 1972 ஜூலையில் ரோமுக்குப் போனார்கள். அதே ஸ்டோன்ஸ் லாரி, அதே மார்ட்டின் பர்ச், அதே ஐந்து பேர். இம்முறை தீ இல்லை, பனி இல்லை, கதவைத் தட்டும் போலீஸ் இல்லை. அங்கே பதிவுசெய்ததில் அடுத்த ஆல்பத்துக்குத் தேறியது ஒரே பாட்டு, 'வுமன் ஃப்ரம் டோக்கியோ'. மற்றதை அக்டோபரில் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே போய்த்தான் முடித்தார்கள். அதற்குள் ஓய்வில்லாத பயணங்களில் எல்லோரும் களைத்திருந்தார்கள். பிளாக்மோரும் கில்லனும் முகம்கொடுத்துப் பேசுவதே குறைந்திருந்தது. 1973 ஜூன் 29-ஆம் தேதி ஒசாகாவில் வாசித்துவிட்டு கில்லனும் குளோவரும் குழுவை விட்டுப் போனார்கள். காரிடாரில் முகம் பார்த்து டேக்கை முடிவுசெய்த அந்த ஐவர் மறுபடி ஒன்றாக ஒரு ஆல்பம் போட 1984 வரை ஆனது.